உமிச் சாம்பலைக் கொங்கிறீட்டில போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியள்ல பாதிக்கு மேல சாம்பல் கதைதான். சீமெந்து விலை ஒரு பக்கம், மில்லுகளுக்குப் பின்னால குவிஞ்சு கிடக்கிற உமிச் சாம்பல் மற்றப் பக்கம், ரெண்டையும் முடிச்சுப் போட்டுக் கேட்டிருக்கிறீங்க. ஒரே மாதிரிக் கேள்வியளைச் சேத்துப் பதில் சொல்றன்.

ஐயா, எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு அரிசி மில். பொயிலர்ல எரிச்ச உமிச் சாம்பல் லோட் கணக்கில சும்மா கிடக்கு, ஏத்திட்டுப் போனா அவங்களுக்குச் சந்தோஷம். வாற மாசம் மேல்தட்டு ஸ்லாப் போடப்போறம். அஞ்சு பாக் சீமெந்து போற இடத்தில நாலு பாக் சீமெந்தும் ஒரு பாக் சாம்பலும் போட்டாக் காணும், இந்தியாவில எல்லாம் போடுறாங்க எண்டு எங்கட மேசன் பாஸ் சொல்றார். போடலாமா?
– தம்பலகாமம் வாசகர்

தம்பி, ஸ்லாப்புக்கு வேண்டாம். இதை முதல்லயே சொல்லிட்டன், ஏனெண்டா கீழ சாம்பலைப் பற்றிக் கனக்க நல்லதாச் சொல்லப்போறன், அதைப் பாதி வாசிச்சிட்டு நீங்க லான்ட்மாஸ்டரையும் கொண்டு மில்லுக்குப் போயிடக் கூடாது.

உங்கட பாஸ் சொல்றது பொய்யில்ல. நெற்பயிர் மண்ணில இருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில கொண்டுபோய்ச் சேக்குது, அதாலதான் உமி லேசில உக்கிறதும் இல்ல, மாடு அதைத் தேடித் தின்னுறதும் இல்ல. எரிச்சா உமியிட பாரத்தில அஞ்சில ஒண்டு சாம்பலா மிஞ்சும், அது நல்லா எரிஞ்ச சாம்பல் எண்டா அதில 85 இல இருந்து 95 சதவீதம் வரை சிலிக்காதான். இப்ப சீமெந்துப் பக்கம் வாங்க. சீமெந்தில தண்ணி பட்டதும் ரெண்டு சாமான் உண்டாகுது, ஒண்டு கல்லையும் மணலையும் பிடிச்சு வச்சிருக்கிற பசை, மற்றது சுண்ணாம்பு. இந்தச் சுண்ணாம்பால பெருசாப் பலம் ஒண்டும் இல்ல, தண்ணி ஊறி ஊறி அது கரைஞ்சு வெளியில வந்து சுவர்ல வெள்ளையாப் படியிறதை நீங்களே பாத்திருப்பீங்க. சாம்பல்ல உள்ள சிலிக்கா இந்தச் சுண்ணாம்போட சேந்து இன்னும் கொஞ்சம் பசையா மாறுது, அதாவது சும்மா கிடக்கிற சுண்ணாம்புக்கு ஒரு வேலை குடுக்குது. கலிபோர்னியா பேர்க்லி பல்கலைக்கழகத்தில பேராசிரியரா இருந்த பி.கே. மேத்தா 1970களில இதை வடிவா ஆராய்ஞ்சு, 1978ல அமெரிக்காவில பேட்டன்டும் எடுத்தவர். இந்தியாவிட கொங்கிறீட் விதிப் புத்தகம் ஐ.எஸ். 456, அதிட 2000ம் ஆண்டுப் பதிப்பில உமிச் சாம்பலுக்கும் ஒரு இடம் குடுத்திருக்கிறாங்க. பாஸ் கேள்விப்பட்டது அதைத்தான் எண்டு நினைக்கிறன்.

ஆனா அவங்க சொல்ற சாம்பலும் மில்லுக்குப் பின்னால கிடக்கிற சாம்பலும் ஒண்டில்ல. உமியை 500 இல இருந்து 700 பாகை செல்சியஸ் வரைக்குள்ள, காத்தும் நல்லாப் பட எரிச்சா சிலிக்கா ஒழுங்கில்லாத கண்ணாடி மாதிரியான நிலையில நிக்கும், அதுதான் சுண்ணாம்போட சேரும். சூடு 800ஐத் தாண்டிக் கன நேரம் நிண்டா அதே சிலிக்கா பளிங்காக் கட்டிப்போகும், பிறகு அது கிட்டத்தட்ட மணல்தான், மணலைச் சீமெந்து எண்டு நம்பிப் போட்ட கதையாப் போயிடும். சூடும் காத்தும் காணாட்டி உமி கரியா நிண்டு சாம்பல் கறுப்பா வரும், கரி தண்ணியைக் குடிக்கும், நாங்க கலவைக்குப் போடுற கெமிக்கலையும் சேத்துக் குடிச்சிடும். மில் பொயிலர்ல இந்த மூண்டும் ஒரே நாள்ல நடக்கும், காலமை ஒரு சாம்பல், நெல்லு அவியிற நேரம் ஒரு சாம்பல், பின்னேரம் நெருப்பைக் குறைச்ச பிறகு வேற சாம்பல். மில்காரருக்கு வேண்டியது நீராவி, உங்களுக்கு வேண்டியது சாம்பல், அடுப்பு எரியிறது அவருக்காக. அவரைக் குறை சொல்லவும் ஏலாது.

இன்னொண்டு, அரைக்க வேணும். உமிச் சாம்பல் வெறும் கண்ணுக்கு மாவாத் தெரிஞ்சாலும் மைக்ரோஸ்கோப்பில பாத்தா ஸ்பொன்ஞ் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், அப்பிடியே போட்டா தண்ணி கூடக் கேக்கும், மேசனும் கலவை இறுகுது எண்டு ஒரு வாளித் தண்ணியை ஊத்துவார், அந்த ஒரு வாளித் தண்ணி போதும் நீங்க போட்ட நல்ல சீமெந்தையும் கெடுக்க. சாம்பலைச் சீமெந்து அளவுக்கு, முடிஞ்சா அதை விட நுணுக்கமா அரைச்சாத்தான் வேலை செய்யும். சீனக்குடா சீமெந்து பக்டரியில கப்பல்ல வாற கிளிங்கரை, அதாவது சீமெந்தா அரைக்க முதல் உள்ள சுட்ட கட்டியை, அரைக்கிறாங்களே, அந்த மாதிரி இரும்புக் குண்டு போட்ட உருளை மில் வேணும். வீட்டில அம்மிக்கு ஏலாது, மா அரைக்கிற மில்லுக்கும் கொண்டுபோகாதீங்க, பிறகு அங்க மிளகாய்த்தூள் அரைக்க வாற சனம் பாவம்.

லாபத்தையும் ஒருக்காப் பாருங்க. ஒழுங்கான சாம்பல் எண்டாலும் நான் பத்துச் சதவீதத்துக்கு மேல துணிய மாட்டன், அதாவது பத்துப் பாக்குக்கு ஒரு பாக் மிச்சம். கம்பி, பலகை, கூலி, சல்லி எல்லாத்தையும் கூட்டின கணக்கில அந்த ஒரு பாக் எங்க நிக்குது? அதுக்காகப் பிள்ளையள் படுக்கிற தலைக்கு மேல பரிசோதனை செய்ய வேணுமா? சாம்பல் போட்ட கொங்கிறீட் முதல் கிழமையில பலம் பிடிக்கிறதும் மெதுவா இருக்கலாம், பாஸ் பழைய கணக்கில பலகையைக் கழட்டினா வேற பிரச்சினை. பாஸோட சண்டை பிடிக்க வேண்டாம், முத்தத்தில நடைபாதைக்கு, மாட்டுக் கொட்டில் நிலத்துக்கு இதைப் போட்டுப் பாப்பம் எண்டு சொல்லுங்க.

நாங்க வாப்பா காலத்தில இருந்து சீமெந்துக் கல் அரிஞ்சு விக்கிறம். ஸ்லாப் இல்ல, கல்லுக்குத்தான் கேக்கிறன். எவ்வளவு சாம்பல் போடலாம், எப்பிடிப் போடுற? எங்கட பக்கம் மில்லும் இருக்கு, மகாவலி மணலும் இருக்கு.
– கிண்ணியா வாசகர்

இது நல்ல கேள்வி, ஏனெண்டா கல் வாடிதான் இந்தச் சாம்பலுக்குச் சரியான இடம். கல்லுக்குள்ள கம்பி இல்ல, ஒரு தொகுதி சரிவராட்டி விக்காம ஒதுக்கலாம், தினமும் ஒரே வேலை செய்யிறதால அளவை மாத்தி மாத்திப் பாக்கவும் ஏலும். ஸ்லாப்பில அப்பிடி ஒரு வசதியும் கிடையாது.

முதல்ல உங்கட சீமெந்துப் பாக்கைத் திருப்பிப் பாருங்க. எஸ்.எல்.எஸ். எண்டா இலங்கைத் தரம், எஸ்.எல்.எஸ். 107 எண்டு இருந்தா அது சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து. எஸ்.எல்.எஸ். 1247 எண்டு இருந்தா அது ஏற்கனவே கலந்த சீமெந்து, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில நிலக்கரி எரிச்சு வாற பறக்கும் சாம்பல் மாதிரி ஏதாவது ஒண்டை பக்டரிக்காரரே அளந்து போட்டிருப்பாங்க. அதுக்கு மேல நீங்களும் உமிச் சாம்பலைக் கொட்டினா சுண்ணாம்பை விடச் சாம்பல் கூடிடும், சேர ஆளில்லாத சாம்பல் சும்மா தூளா நிக்கும், கல் உதிரும். சாம்பல் போட்டுக் கெட்டுப்போச்சு எண்டு சொல்ற ஆக்கள்ல எத்தனை பேர் பாக்கிட மற்றப் பக்கத்தை வாசிச்சிருப்பாங்களோ தெரியாது. 107 சீமெந்துக்குத்தான் இந்த வேலை.

அடுத்தது தராசு. எங்கட வாடியள்ல எல்லாம் வாளிக் கணக்குத்தான், அங்கதான் பிழைக்குது. சாம்பல் லேசு, ஒரு வாளிச் சாம்பல் ஒரு வாளிச் சீமெந்திட பாரத்தில அரைவாசி கூட வராது. பத்துச் சதவீதம் எண்டு ஆராய்ச்சிக்காரர் சொல்றது எப்பவும் பாரத்தில. 50 கிலோ பாக்குக்குப் பதிலா 45 கிலோ சீமெந்து, 5 கிலோ சாம்பல், அவ்வளவுதான். அந்த 5 கிலோ பாக்கிறதுக்குக் கனக்கத் தெரியும், கை நடுங்க வேண்டாம், ஆனா ஒருக்கா நிறுத்து ஒரு பெட்டியில அளவுக்கோடு போட்டு வச்சிட்டீங்க எண்டா பிறகு பொடியன்மார் அந்தப் பெட்டியால அள்ளலாம். கணக்குத் தெரிய வேணும் எண்டா, ஆயிரம் கிலோ நெல்லுக் குத்தினா ஏறக்குறைய 200 கிலோ உமி, அதை எரிச்சா 40 கிலோ சாம்பல், அது எட்டுப் பாக் கலவைக்குக் காணும். அப்ப சாம்பலுக்குப் பஞ்சம் வராது, அரைக்கிறதுக்குத்தான் வழி பாக்க வேணும். நாலைஞ்சு வாடிக்காரர் சேந்து ஒரு உருளை மில் போட்டா அது யோசிக்கத் தகுந்த விஷயம், தனி ஆளா இறங்கினா கரண்ட் பில்லுக்கே சீமெந்து வாங்கலாம்.

கலக்கும்போது சாம்பலையும் சீமெந்தையும் காய்ஞ்ச நிலையிலயே நல்லாப் பிரட்டி நிறம் ஒண்டானாப் பிறகுதான் மணலுக்குள்ள விடுங்க. தண்ணி கொஞ்சம் கூடக் கேக்கும், கல் அரியிற கலவை எப்பிடியும் ஈரப்பதமாத்தான் இருக்கிறதால உங்களுக்கு அது பெரிய தலையிடி இல்ல, கொங்கிறீட் காரருக்குத்தான் தலையிடி. ஆனா தண்ணி அடிக்கிற நாளைக் குறைக்க ஏலாது. எங்கட வெயிலுக்கு மூண்டு நாள் தண்ணி தெளிச்சிட்டு நாலாம் நாள் லொறியில ஏத்திற பழக்கம் கிடக்கு, சாம்பல் கல்லுக்கு அது சரிவராது. சாம்பலும் சுண்ணாம்பும் சேர ஈரம் வேணும், நாளும் வேணும். ரெண்டு கிழமையாவது சாக்குப் போட்டு நனைச்சு வையுங்க, நிழல் இருந்தா இன்னும் நல்லம்.

விக்க முதல் சாம்பல் போட்ட கல்லையும் போடாத கல்லையும் ஒரே நாள்ல அரிஞ்சு 28ம் நாள் ரெண்டையும் உடைச்சுப் பாருங்க, உடைக்கிறது எண்டா சுத்தியலால இல்ல, மெஷின்ல, எஸ்.எல்.எஸ். 855 எண்ட கல்லுக்கான தரத்தோட ஒப்பிட்டு. ஏழாம் நாள் சாம்பல் கல் கொஞ்சம் பின்தங்கி நிண்டா பயப்பட வேண்டாம். 28லயும் பின்தங்கினா அந்தச் சாம்பலை விட்டுடுங்க, வேற மில் பாருங்க.

அரைக்கிற இடத்தில நிக்கிற ஆக்களுக்கு நல்ல மாஸ்க் கட்டாயம், முகத்தில துணி கட்டுறது மாஸ்க் இல்ல. கூடச் சூட்டில எரிஞ்ச சாம்பல்ல உள்ள பளிங்குச் சிலிக்காத் தூசி சுவாசப்பைக்குள்ள போய் நிண்டா திரும்பி வராது, சிலிக்கோசிஸ் எண்ட வருத்தம் அதால வாறது, புற்றுநோய்க்கும் அது காரணம் எண்டு உலக சுகாதார நிறுவனத்திட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1997லயே சொல்லிட்டுது. கல்லில கட்டிப்பட்ட பிறகு பிரச்சினை இல்ல, தூளா இருக்கும்போதுதான். சாம்பல் மேட்டில பிள்ளையள் ஏறி விளையாட விடாதீங்க.

அண்ணா, வீட்டில விறகு அடுப்புத்தான். தென்னம் மட்டை, பொச்சு, சிரட்டை எல்லாம் எரிச்ச சாம்பல் கனக்கச் சேருது. அதை முத்தம் பூசுற சீமெந்தில கலக்கலாமா?
– சாம்பல்தீவு வாசகி

வேண்டாம் தங்கச்சி. விறகுச் சாம்பல்லயும் பொச்சுச் சாம்பல்லயும் சிலிக்கா குறைவு, பொட்டாசியம் கூட, அது ஈரத்தோட வெளியில வந்து முத்தம் முழுக்க வெள்ளை பூக்கும், பலமும் கூடாது. அதைத் தென்னையடியில போடுங்க, அதுக்குத்தான் அது நல்ல சாமான். பாத்திரம் விளக்கவும் மிச்சம் வையுங்க.

கடற்கரையில இருந்து நடந்து போற தூரத்தில எங்கட வீடு. கட்டிப் பதினைஞ்சு வருசம் கூட ஆகல, போர்ட்டிக்கோ தூண் எல்லாம் வெடிச்சுக் கம்பி கறள் பிடிச்சு வெளியில தெரியுது. சாம்பல் போட்ட கொங்கிறீட் உப்புக்குத் தாங்கும் எண்டு ஒருத்தர் சொன்னார். உண்மையா? புதுசா ஒரு பகுதி கட்ட இருக்கிறம்.
– நிலாவெளி வாசகர்

உண்மை. பாக்கப்போனா சாம்பலிட உண்மையான பெறுமதி இங்கதான் கிடக்கு, சீமெந்து மிச்சம் பிடிக்கிறதில இல்ல.

கடல் காத்தில வாற உப்பு, குளோரைட், கொங்கிறீட்டில உள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரங்களுக்குள்ளால மெல்ல மெல்ல உள்ளுக்குப் போகுது. நல்ல கொங்கிறீட்டுக்குள்ள கம்பியைச் சுத்தி ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் இருக்கும், குளோரைட் போய்ச் சேந்ததும் அது உடைஞ்சு கறள் தொடங்கும், கறளுக்கு இரும்பை விடப் பல மடங்கு இடம் வேணும், இடம் இல்லாட்டி கொங்கிறீட்டைத் தள்ளி வெடிக்க வைக்கும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி எண்டு கரையோரம் போனா வீட்டுக்கு வீடு இந்தக் காட்சிதான், மேல சீமெந்தைப் பூசிப் பெயின்ட் அடிச்சு மறைச்சிட்டு ரெண்டு மாரி போனா திரும்பவும் வெடிக்கும். நல்லா எரிச்சு நல்லா அரைச்ச உமிச் சாம்பல் சுண்ணாம்போட சேந்து அந்தத் துவாரங்களை அடைக்குது, குளோரைட் உள்ளுக்குப் போற வேகம் நல்லாக் குறையுது. உலகத்தில பல இடத்தில செய்த பரிசோதனையள்ல இது ஒத்துப்போற முடிவு.

ஆனா உங்களுக்கு நான் உமிச் சாம்பலைத் தேடிப்போகச் சொல்ல மாட்டன். இங்க ஒழுங்கா எரிச்சு அரைச்ச சாம்பலைப் பாக் போட்டு ஒருத்தரும் விக்கிறதை நான் பாக்கேல்ல, கடைக்குப் போய்க் கலந்த சீமெந்து, அந்த 1247 போட்ட பாக், வாங்குங்க. பறக்கும் சாம்பலும் இதே வேலையைத்தான் செய்யும், அதிட துணிக்கை உருண்டையா இருக்கிறதால தண்ணியும் கூடக் கேக்காது, அளவையும் பக்டரியில பாத்திருப்பாங்க. அதை வாங்கிட்டு மிச்சக் கவனத்தை வேற இடத்தில வையுங்க: கம்பிக்கு வெளிப்பக்கம் கொங்கிறீட் மூடல் கடல் பக்கத்தில 40 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது, 50 எண்டா இன்னும் நல்லம், சல்லிக்கல்லைக் கம்பிக்குக் கீழ குடுத்து முட்டுக்கட்டையா வைக்கிற பழக்கத்தை விட்டிட்டு ஒழுங்கா வார்த்த கவர் புளொக் வைக்கச் சொல்லுங்க. உப்புக் கிணத்துத் தண்ணியால கலக்கவும் கூடாது, நனைக்கவும் கூடாது, பவுசர் தண்ணி எடுத்தாவது செய்யுங்க. கழுவாத கடல் மணல் எண்டா வாசலுக்குள்ளயே விடாதீங்க, வெளியில இருந்து வாற உப்பைத் தடுக்கப் பாடுபட்டிட்டு நாங்களே உள்ளுக்குப் போட்டா என்ன பிரயோசனம்.

ஏற்கனவே வெடிச்ச தூணுக்குச் சாம்பலால ஒண்டும் செய்ய ஏலாது. கம்பி எவ்வளவு தின்னுப்பட்டிருக்கு எண்டு ஒரு இஞ்சினியர் நேர்ல பாத்துத்தான் சொல்ல வேணும், அதைத் தள்ளிப்போடாதீங்க.

சீனி ஆலையில வாற கரும்புச் சக்கைச் சாம்பலையும் இப்பிடிப் பாவிக்கலாமா? கந்தளாய் சீனி ஆலை ஓடியிருந்தா எங்களுக்கும் ஒரு வழி இருந்திருக்கும்.
– கந்தளாய் வாசகர்

பாவிக்கலாம், பிரேசில், இந்தியாவில எல்லாம் ஆராய்ச்சி நிறைய நடந்திருக்கு. ஆனா கரும்போட வயல் மண்ணும் சேந்து வாறதால அதில மணல் கூட, கரியும் கூட, உமியை விட ஒரு படி கீழதான். மலேசியாவில எண்ணெய்ப் பனைச் சாம்பல், நைஜீரியாவில சோளப்பொத்திச் சாம்பல், அந்தந்த நாட்டில மலிஞ்சு கிடக்கிறதை அவங்க பாக்கிறாங்க. ஆலை மூடின கவலை எங்களுக்கும் இருக்கு, ஆனா உங்கட குளத்துக்குக் கீழ வயல் இருக்கு, மில் இருக்கு, உமிக்கு என்ன குறை?

இத்தோட ஒரு கவருக்குள்ள எங்கட மில் சாம்பல் அனுப்பியிருக்கிறன். பாத்து நல்லதா கூடாதா எண்டு சொல்லுங்க ஐயா.
– மூதூர் வாசகர்

கவர் கிழிஞ்சுதான் வந்து சேந்தது, தபால்காரர் எங்களைப் பாத்த பார்வை உங்களுக்குத் தெரியாது.

கண்ணால பாத்துச் சொல்ல ஏலாது தம்பி. கறுப்பா இருந்தா கரி கூட எண்டு சொல்லிடலாம், உங்கட சாம்பல் சாம்பல் நிறமும் வெள்ளையும் கலந்து கிடக்கு, பாக்க வடிவு, ஆனா கூடச் சூட்டில எரிஞ்சு பளிங்கானதும் வெள்ளையாத்தான் இருக்கும். அதைப் பிரிச்சறிய எக்ஸ்ரே கருவி வேணும். பல்கலைக்கழக இஞ்சினியரிங் பீடம் ஒண்டில கேட்டுப் பாருங்க, கிளிநொச்சி அறிவியல் நகர்ல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திட பீடம் இருக்கு, ஒலுவில்ல தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திட பீடம் இருக்கு, பேராதனை, மொறட்டுவ பழைய இடங்கள். கடைசி வருசப் பிள்ளையள் புரொஜெக்டுக்கு விஷயம் தேடித் திரியிற நேரம் போனா உங்களுக்கும் வேலை நடக்கும், அவங்களுக்கும் நடக்கும். போகும்போது ஒரு நாளைச் சாம்பலை மட்டும் அள்ளிக்கொண்டு போகாம, ஒரு கிழமைக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத் தனித்தனிப் பையில திகதி போட்டுக் கொண்டு போங்க. எரிச்சா எவ்வளவு பாரம் குறையுது எண்டு முதல்ல பாக்கச் சொல்லுங்க, அதுதான் கரியிட கணக்கு, அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். சி 618 இயற்கைப் பொசலான் (சுண்ணாம்போட சேந்து பசையாகிற தூள்) வகைக்குப் பத்துச் சதவீதத்துக்கு மேல விடாது. பிறகு 45 மைக்ரோன் அரிதட்டில எவ்வளவு நிக்குது, சிலிக்கா எவ்வளவு, பளிங்கா இல்லையா, கடைசியில சாந்துக் கட்டி செய்து உடைச்சா வெறும் சீமெந்துக் கட்டியிட பலத்தில 75 சதவீதமாவது வருதா. கரிக் கணக்கிலயே ஒவ்வொரு நாள் பைக்கும் ஒவ்வொரு இலக்கம் வந்தா மிச்சப் பரிசோதனைக்குக் காசு கட்டாதீங்க, முதல்ல மில்காரரோட அடுப்பைப் பற்றிக் கதையுங்க.